புதுப் போர்டு

ஸ்ரீபெரும்புதூர்
12-8-1986

அன்புள்ள அன்னபுஷ்பத்துக்கு,

மாதா அருளால் நான் சுகம். நீயும் அம்மாவும் சுகந்தானே?

எங்கள் கம்பெனியைப் பம்பாய்க்காரர்கள் போன வருஷமே வாங்கிவிட்டார்கள். பயப்படாதே. மூடிவிடுவார்கள் என்றுதான் நானும் நடுங்கினேன். "இன்னாபா, போர்டுதான் மாறிக்கீது, வேலை போவாது" என்றார் ஃபோர்மேன் தணிகாசலம். அப்படியே ஆயிற்று. புது முதலாளிகள் நட்டு, போல்ட் வேலையை வெளியே விட்டு, அதற்கான பழைய லேத் மெஷின்களை எங்கள் ஆட்களுக்கே தவணையில் கொடுத்தார்கள். இன்று பக்கத்து மண்ணூரில் தெருவுக்கொரு பட்டறை! கெட்டிக்காரர்கள். ஒரு கம்பெனி கைமாறி, ஓர் ஊருக்கே தொழில் வந்துவிட்டது.

இனி கவரில், இந்தக் கவரின் பின்பக்கம் நான் எழுதியிருக்கும் புதுப் பெயரையே எழுது. பழைய பெயருக்கு வரும் தபாலை, "அப்டி கம்பெனியே இல்ல" என்று புது வாட்ச்மேன் திருப்பிவிடுகிறாராம்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. இத்தனை மாதமாய் வராத உன் கடிதங்களும் அப்படித்தான் திரும்பியிருக்கும், இல்லையா?

யாகப்பன்