சைகோனுக்குப் போன மூன்றாவது கடிதம்

மச்சான்,

இன்று காலை பேத்தியின் பிரெஞ்சுப் பாடப் புத்தகம் மேசைமேல் திறந்து கிடந்தது. விடைபெறும் சொற்கள் உள்ள பக்கம். அதற்குமேல் படிக்க முடியவில்லை. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அப்போது நான் அண்ணாமலை நகர் விடுதியில் தங்கிப் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். உன் அத்தா சைகோனில் இறந்து, அங்கே அவருக்கு இன்னொரு குடும்பமும் ஒரு மகளும் இருப்பது தெரியவந்த வருஷம் அது. அவளுக்குத் தமிழ் தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் தெரு எப்படியிருக்கும் என்று அத்தா ஓயாமல் சொல்வாராம். அதைப் பார்க்க வேண்டும் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தாள்.

நீ கோபப்படவில்லை. கடலூர் ஓ.டி.யில் உங்கள் தெருவில், அந்தியில் மஃரிபு பாங்கு கேட்கும் வேளையில், சைக்கிள் சீட்டில் காமிராவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக எடுத்தாய். "வானமும் தெரியணும், வெளக்கும் தெரியணும் மச்சான். அஞ்சு நிமிஷந்தான் கெடைக்கும்." ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அந்த வீட்டுப் பேச்சு ஒன்றை நான் பிரெஞ்சில் எழுதுவேன். 'சாப்டியா?', 'ஏன் நிக்கிற, உள்ள வா.' அப்படி அனுப்பிய முதல் இரண்டு கடிதங்களுக்கும் அவள் உடனே பதில் போட்டாள்.

மூன்றாவதில் உங்கள் வீடு. வாசலில் உன் அம்மா நின்றார்கள். "போயிட்டு வரேன்னு எழுதுப்பா. கடைசியா இந்த வாசல்ல அவுங்க அதத்தான் சொன்னாங்க" என்றார்கள். பரீட்சை அவசரத்தில், விடைபெறும் சொல்தானே என்று 'அத்யோ' என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பதில் வரவில்லை. இனிச் சந்திக்கவே போவதில்லை என்றால்தான் அந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்று மறுமாதம் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். உன் அம்மாவின் முகத்தோடு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பார்த்தவள் என்ன நினைத்திருப்பாள்?

இன்னொரு கடிதம் போட்டிருக்கலாம். "நம்ம மச்சானுக்குத் தெரியாத பிரெஞ்சா" என்று நீ தெருவெல்லாம் பெருமை பேசியிருந்தாய். அந்தப் பெயர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

தபால்காரரைத் தெருமுனைவரை போய் விசாரித்து அலுத்து, ஒருநாள் சொன்னாய்: "அம்மா போட்டோவப் பார்த்ததும் அவளுக்குச் சங்கடமாயிடுச்சு போல."

"இருக்கும்" என்றேன்.

அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு உன் கல்யாணத்தில்கூடப் படத்துக்கு நிற்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

அவசரத்தில் எழுதியதை நீ மன்னித்திருப்பாய், சிரித்தும் இருப்பாய். ஆனால் 'இருக்கும்' என்றது தெரிந்தே சொன்னது, மச்சான். இத்தனை வருஷமாக அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.