காலில் போட்டுக் குளிப்பாட்ட

1998 ஜூன் 4

பொம்மி, உன் மகள் தென்றலைப் போளூருக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். உன் மாமியார் காசியம்மாள் இன்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள நானு ஊருக்குப் போவணும். கொழந்தைய நீயே கால்ல போட்டுக் குளிப்பாட்டிக் காமி, இங்கியே வுட்டுட்டுப் போறேன். நொண்டிகிட்ட எத நம்பி வுடறது?"

உன் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார்.

அக்கா தங்கை நாம் இரண்டு பேரும் போன ஆட்டோ கவிழ்ந்ததில் நீ போய்விட்டாய், எனக்கு முட்டிச் சில்லு உடைந்ததோடு சரி. ஏன் மாறி நடக்கவில்லை?

ஜூன் 7

கட்டிலில் உட்கார்ந்து, அடிபட்ட வலது காலைத் தொங்கப்போட்டு, பாதத்தால் அரிசி மூட்டையைத் தள்ளினேன். தொடையை அமுக்கிப் பார்த்தேன். கல். தேறிவிட்டேன்!

ஜூன் 8

தேறவில்லை.

மணையில் உட்கார்ந்து காலை நீட்டித் தென்றலைப் போட்டுக்கொண்டேன். தலை பாதத்துப் பக்கம் இருக்கக் குப்புறப் போட்டு முதுகு தேய்க்கும்போது குதிகாலைக் கொஞ்சம் தூக்கினால்தான் தண்ணீர் முகத்துக்கு ஓடாது. உனக்குத் தெரியும். வலது கால் எழும்பவேயில்லை. அதே தொடை, ஊறவைத்த அவல் மாதிரி கிடக்குது. தண்ணி மூக்குல ஏறி, குழந்தை மூச்சு திணறி— காசியம்மாள் பிடுங்கிக்கொண்டாள். "கொன்னுடுவ போல கீதே!"



ஜூன் 11

ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி கொடுக்கும் சந்திரகலா மேடத்திடம் கேட்டேன். "மடக்கனா கல்லாட்டம் ஆவுது, நீட்டனா கொழகொழன்னு கீதே, ஏம்மா?"

"முட்டி மடங்கியிருந்தா தொடைச் சதை இழுபட்டு நிக்கும். இறுக்கினா கெட்டியாகும். காலை நீட்டி நிமிர்ந்து உக்காந்தா அதே சதை இடுப்புப் பக்கமும் சுருங்கிடும், முட்டிப் பக்கமும் சுருங்கிடும். அப்புறம் எதை இறுக்குவீங்க?"

என்னைப் பின்னால் சாயச் சொன்னார். "சாஞ்சா இடுப்புப் பக்கம் இழுபடும். இப்ப தூக்குங்க. தொட்டுப் பாருங்க."

கல் இல்லை. ஆனால் கொய்யாக்காய் அளவுக்குக் கெட்டி. குதிகால் எழும்பியது!

"உடனே குழந்தையப் போடாதீங்க. அரிசிப் பைய வெச்சிப் பழகுங்க."

ஜூன் 26

அரிசிப் பை சரியவில்லை.

ஜூலை 3

காசியம்மாள் தென்றலின் சட்டைகளைப் பையில் அடுக்குகிறாள்.

ஜூலை 12

மணையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"செவுத்துல சாஞ்சிகினு எவளாவது குளிப்பாட்டுவாளா? மகாராணி!"

பதில் சொன்னால் இறுக்கம் விட்டுவிடுமோ என்று பயம். காசியம்மாள் இரண்டு கையையும் நீட்டியபடி பக்கத்திலேயே குந்தியிருந்தாள். குப்புறப் போட்டேன். தூக்கினேன். வலித்தது— வலிக்கட்டும். தண்ணீர் என் மடிப் பக்கம் ஓடியது. தென்றல் அழவில்லை.

காசியம்மாள் கையை மடக்கிக்கொண்டாள். "சாம்பிராணி எங்க வெச்சிகிற?" என்றாள்.

ஜூலை 16

காலை பஸ்ஸில் காசியம்மாள் தனியாகத்தான் ஏறினாள்.

மதியம் துடைத்துவிடும்போது தென்றல் என் முகத்தைப் பார்த்து "ம்மா" என்றாள். இந்த வயதில் எல்லாக் குழந்தையும் அப்படித்தான் சத்தம் போடும். மறுபடியும் சொன்னாள். நான் துண்டை மடிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

நாளைக்கும் கூப்பிடுவாளே பொம்மி, நான் "என்னடி"ன்னு கேக்கட்டுமா?