நாலு கட்டையில் பாடிய அக்காவுக்கு

அக்கா,

நேற்று நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி நுவரெலியாவுக்கு வேன் ஏறினேன். டிரைவர் உங்கள் பாட்டைப் போட்டான். அந்தப் பழைய கசட்டில் இருந்த பாட்டு. கீச்சுக் கீச்சென்று, யாரோ சின்னப் பெண் ஓடிக்கொண்டே பாடுவது மாதிரி. பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடித் தலையாட்டினார். "இதுதாங்க பாட்டு. பொறகு ஒரு சீடி போட்டாங்க பாருங்க, கருமம், கேக்கவே முடியாது. கொரலா அது?" என்றார். எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "நிப்பாட்டுப்பா" என்று பாதி வழியில் இறங்கினேன். மழை வேறு. நனைந்துகொண்டே நடந்தேன். செத்துப்போனவர்களிடம் கோபித்துக்கொள்ளக் கூடாதாம். நான் கோபித்துக்கொள்வேன். இப்படிப் பேசுகிற ரசிகர்களிடமும் உங்களிடமும்.

பூண்டுலோயாப் பக்கம் நம் தேயிலைத் தோட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து நடத்திய பாட்டுக் கோஷ்டி நம்முடையது. பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, கூடையை இறக்கிய கையோடு வாசகசாலைக்கு வருவீர்கள். நான் ஆர்மோனியத்தில் நாலு கட்டைச் சுருதியைப் பிடிப்பேன். "அதுக்கு மேல ஏத்தாத தம்பி. மலை ஏறுறதுக்கே மூச்சு பத்தல" என்பீர்கள். அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, மூச்சில் ஓர் ஈரம். அந்தக் குரலுக்காகவே வாசித்தேன். வேறெதற்கு?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்புக்குப் போய்ப் பாட்டுகளைப் பதிந்து வந்தோம். கசட் கைக்கு வந்த வருஷமே கோஷ்டி கலைந்தது. ஒருவன் கொழும்பில் கடை வேலைக்கு, ஒருவன் டுபாய்க்கு, நான் பொல்பிட்டியவில் மாமா வீட்டுக்கு. கசட்டோ நம்மைக் கேட்காமலேயே ஊர் ஊராகப் போனது. கொழும்பில் போட்ட கசட்டுகள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் ஹட்டனில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ஒரு கடையில் எடுத்த பிரதிகள். அந்தக் கடைக்காரன் அசலை ஓட்டும் மெஷின் வேகமாகச் சுற்றும். நாலு கட்டையில் நீங்கள் பாடியது அஞ்சு கட்டையில் வந்து விழுந்தது. அந்தப் பிரதியிலிருந்து மேலும் பிரதி எடுத்தார்கள். கோயில் திருவிழா, கலியாணம், பஸ் என்று எங்கும் அந்தக் கீச்சுக்குரல்தான். ஒருநாள் அதனோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தபோதுதான் எனக்கே பிடிபட்டது. உங்களிடம் ஓடிவந்து சொன்னேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அப்ப என்னைய கொமரிப் புள்ளயாக்கிட்டான்னு சொல்லு!" அன்றே அந்தக் கடைக்காரனின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நீங்கள்தான் விடவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடி கூடினோம். டுபாய்க்காரன் திரும்பி வந்திருந்தான், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சீடி ஒன்று கொண்டுவந்தோம். எத்தனை பேர் காத்திருந்தார்கள்! பழைய பாட்டில் இரண்டு, மற்றதெல்லாம் புதுசு. நல்ல மெஷினில் பதிந்ததால் உங்கள் குரல் உள்ளபடி வந்தது. நீங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டீர்கள். "இப்பத்தான் தம்பி நான் பாடுன மாதிரி இருக்கு" என்று சொன்னபோது உங்கள் கண் கலங்கியிருந்தது. அதுவரை உங்களுக்கும் அந்தக் கசட் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு ஆரம்பித்தார்கள் நம் ரசிகப் பெருமக்கள். புதுப் பாட்டுகளின் தாளம் நன்றாக இருக்கிறது என்று இளவட்டங்கள் ஆடினார்கள், அதை மறுக்க மாட்டேன். பழையவர்கள்தான் முகத்தைச் சுளித்தார்கள். "அக்காவுக்கு வயசாயிருச்சு." "கொரல் கட்டிப் போச்சு." ஹட்டனில் ஒருத்தன் என் முகத்துக்கு நேரே கேட்டான்: "உண்மையச் சொல்லுங்க, வேற யாரையோ வச்சுத்தானே பாட வச்சீங்க?" மெஷின் கதையைச் சொன்னேன். "சும்மா சாக்குச் சொல்லாதீங்க" என்றான். இன்னொருத்தருக்கு நீங்களே நேரில் இரண்டு வரி பாடிக் காட்டினீர்கள். அவர் கேட்டுவிட்டு, "சளி புடிச்சிருக்கு போல, கசாயம் வச்சுக் குடிங்க" என்றார்! உங்கள் குரலைப் பற்றி உங்களுக்கே புத்தி சொல்கிற ஆட்கள்.

அதோடு விட்டிருக்கலாம் நீங்கள். அந்தத் தேர்த் திருவிழா மேடையில் என் பக்கம் குனிந்து, "தம்பி, அஞ்சு கட்டையில புடி" என்றீர்கள்.

"முடியாதுக்கா. தொண்டை போயிரும்."

"அவங்க ஆசப்பட்டு வந்திருக்காங்க. ஒரு தடவ."

உங்கள் மகள் கீழேயிருந்து எட்டிச் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்மா, ஒன் பாட்டையே பாடும்மா." நான் ஆர்மோனியத்தில் இருந்து கையை எடுத்துவிட்டேன். நீங்களோ சுருதி இல்லாமலே தூக்கிப் பாடினீர்கள். கழுத்து நரம்பு புடைத்தது. கூட்டம் விசிலடித்தது. "இதுதான் எங்க அக்கா!" என்று கத்தினார்கள். அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பை இன்றும் மன்னிக்க மாட்டேன். அதற்கப்புறம் கூப்பிட்ட இடமெல்லாம் அஞ்சு கட்டைதான். நான் வரமாட்டேன் என்றேன், வேறு ஆளை வைத்துக்கொண்டீர்கள். ஒரு வருஷத்தில் பேச்சே காற்றாகிப் போனது. கடையில் சீனி கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் எங்கே போனார்கள்? விசிலடித்தவர்களில் ஒருத்தனாவது உங்கள் லயத்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தானா?

சாவுக்கு வந்தார்கள். நன்றாகத்தான் வந்தார்கள். உங்களை வாசலில் கிடத்திவிட்டு, மரியாதை என்று சொல்லி ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். எதை? அந்தக் கசட்டை! காலையிலிருந்து அதே கீச்சு. என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்பீக்கர்காரனிடம் போய் சீடியை நீட்டினேன். "அண்ணே, சனங்க கேக்குறது இதத்தான்" என்று இழுத்தான். "சனங்க சாவல, எங்க அக்கா செத்திருக்கு. போடுடா" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உங்கள் மகள் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பெத்தவளுக்கு அழாத புள்ளய இப்பத்தான் பாக்குறேன்" என்று பெண்கள் காதுபடவே பேசினார்கள். அவள் என்ன செய்வாள்? காலையிலிருந்து வாசலில் பாடிக்கொண்டிருந்தது அவளுக்கு யாரோ ஒருத்தி. சீடியில் உங்கள் முதல் வரி வந்தது. அவள் விருட்டென்று எழுந்தாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, "அம்மா, அம்மா" என்று அலறினாள்.

அதற்கப்புறம் கசட்டைத் திரும்பப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எனக்கு மிச்சம் அந்த அலறல் ஒன்றுதான் அக்கா. உங்கள் குரல் எது என்று எவன் வந்து சண்டை பிடித்தாலும், அந்தப் பிள்ளை எந்தப் பாட்டுக்கு அழுதது என்று போய்க் கேள் என்பேன். கோபம் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளவும் மாட்டேன்.