செருப்புக்கு மேலே

மக்கா,

இன்று தாராவியில் உன் பட்டறை இருந்த சந்து வழியாக வந்தேன். தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. உள்ளே வேறு யாரோ செருப்புக்கு வார் வைத்துக்கொண்டிருந்தார்கள். போன மழைக்காலத்தில் செத்துப்போனவனே, நீ வேண்டிய இந்த நேரத்திலா இல்லாமல் போவாய் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் என் நாடகம். மகனை இழந்த தாய் அழும் காட்சி பொய்யாக இருக்கிறது. எங்கே பிசகு என்று பிடிபடவில்லை. குழுவில் யாரைக் கேட்டாலும் "ஏக்தம் சூப்பர் சார்" என்கிறார்கள். ஒத்திகை முடிந்து ஆளுக்கொரு குறை சொன்ன பிறகுதான் டீ என்ற நம் வழக்கம் உன்னோடு போயிற்று. இப்போது டீ முதலில் வந்துவிடுகிறது.

அந்த வழக்கம்தானே உனக்கு வசையும் வாங்கித் தந்தது. மேடையில் அப்பா வேடக்காரர் நடக்கும் நடை சரியில்லை என்றாய். சபாவின் பெரிய மனிதர் ஒருவர் உன்னை 'அல்ட்ராக்ரெபிடேரியன்' என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மறுநாள் அகராதி பார்த்து வந்து பட்டறையில் உனக்குச் சொன்னேன். லத்தீனில் அல்ட்ரா என்றால் அப்பால், கிரெபிடா என்றால் செருப்பு. அந்தக் காலத்தில் ஓர் ஓவியன் வரைந்த படத்தில் செருப்பு தப்பு என்று செருப்புத் தைப்பவன் ஒருவன் சொல்ல, ஓவியன் திருத்தினானாம். அடுத்து காலும் தப்பு என்றதும், செருப்போடு நிறுத்திக்கொள் என்றானாம். தெரியாத விஷயத்தில் குறை சொல்லும் விமர்சகனுக்கு அதிலிருந்து இந்தப் பெயர்.

நீ நொந்துபோவாய் என்று பயந்தேன். நீ தோல் வெட்டும் கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாய்.

"அது கெடக்கட்டும்லே. அந்தக் கால் சரியா இருந்துச்சா இல்லியா? அத ஒருத்தனும் பாக்கலியே."

அகராதியில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த ஒத்திகைக்கும் நீ வந்தாய், குறையும் சொன்னாய்.

நேற்று டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு குறையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுத்தான் கெஞ்சினேன். எல்லோரும் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். கடைசியில் நானே சொன்னேன், அம்மா அழுவது பொய் என்று. "நல்லாத்தான் இருக்கு சார், டென்ஷன் ஆகாதீங்க" என்று முதுகில் தட்டினார்கள். டீ ஆறி ஆடை கட்டியது. குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

உன் கேள்வி ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. என் நாடகத்தில் கால் சரியில்லை மக்கா. எனக்கே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கைதட்டுவார்கள்.