பக்கத்து வீட்டுப் பிள்ளை

தென்காசி
17.10.2024

அன்புள்ள மைனிக்கு,

உமா எழுதுகிறேன். ஐந்து நாளாகப் போன் அடித்து அலுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. இலஞ்சியில் டவர் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா வள்ளித்தாய் அக்கா அங்கேயிருந்துதான் தினமும் ‘வர லேட்டாகும் மிஸ்’ என்று எனக்குப் போன் போடுகிறாள். அவள் உங்களுக்கு அடுத்த தெருதானே, அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகளின் டைரியில் ‘நகம் வெட்டி அனுப்பவும்’ என்று எழுதுவதைத் தவிர வேறு எதுவும் எழுதி வருஷக்கணக்காகிறது. பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

விஜயதசமி அட்மிஷன் நாம் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. பதினேழு புதுப் பிள்ளைகள்! ஏற்கெனவே இருக்கும் இருபத்திரண்டோடு கூட்டிப் பாருங்கள். அப்பா கட்டிய இரட்டை வீட்டின் நடுச்சுவரை இடித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. உங்கள் ஹால் இப்போது எல்.கே.ஜி. நம் பிள்ளை புவனேஷ் படுத்த அறை பிரீகேஜி. அண்ணன் பட்டாளத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னதும் மறுபேச்சில்லாமல் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போனீர்கள். நீங்கள் மட்டும் மனசு வைத்திருக்காவிட்டால் நான் இன்னமும் கார் ஷெட்டில்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன்.

எதிர்வீட்டுப் பிச்சைமணி அண்ணாச்சிக்குத்தான் பொறுக்கவில்லை. “ஏட்டி உமா, காலையில என் வண்டிய வெளிய எடுக்க முடியல, வாசல் பூரா ஆட்டோவா நிக்கி. போதாததுக்கு ஸ்பீக்கர்ல காக்கா பாட்டு வேற. எனக்கே மனப்பாடம் ஆயிட்டு” என்கிறார். ஆனாலும் பள்ளிக்கூடம் நடத்தத் தெருக்காரர்கள் கொடுத்த சம்மதக் கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான். மனுஷன் வாய்தான் அப்படி.

விஜயதசமி அன்றைக்கு நீங்கள் அழைத்துப்போன பிறகு புவனேஷ் ஏன் வரவில்லை? அவன் டவலும் மாற்று உடுப்பும் இங்கேயே கிடக்கின்றன. திங்கட்கிழமை வள்ளித்தாய் அக்காவோடு ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள். அவன் இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை.

பிரியமுள்ள
உமாராணி

*

இலஞ்சி
19.10.2024

உமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. புவனேஷுக்குச் சளி. பதினேழு பிள்ளைகள் சேர்ந்ததில் சந்தோஷம்.

அவன் டவலையும் உடுப்பையும் வள்ளித்தாயிடம் கொடுத்துவிடு. அன்றைக்கு நான் கொண்டுவந்த பித்தளைத் தட்டையும் கொடுத்துவிடு. அவன் அரிசியில் எழுதட்டும் என்று என் அம்மா தேய்த்துக் கொடுத்தது.

சுகந்தி

*

தென்காசி
24.10.2024

அன்புள்ள மைனிக்கு,

கடிதமா அது? கரண்ட் பில்லில் இதைவிட அதிகம் எழுதியிருப்பார்கள்.

கேட்டதையெல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தட்டை நன்றாகக் கழுவித்தான் அனுப்புகிறேன். சளிக்குக் கற்பூரவல்லி இலையைச் சாறு எடுத்துத் தேனில் கொடுங்கள். என் கையால் கொடுத்தால் துப்பமாட்டான், உங்களிடம் எப்படியோ.

மைனி, வள்ளித்தாய் அக்கா உங்களிடம் ஏதாவது சொன்னாளா? ஒன்று நடந்தால் ஒன்பதாகச் சொல்வது அவள் வழக்கம். அன்றைக்கு ஒரே கூட்டம். புதுக் காலனியிலிருந்து நிவேதா மேடம் ஆறு குடும்பத்தை அழைத்துக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள், முதல் பார்வையிலேயே மனசுக்குப் பிடிக்க வேண்டுமே என்று எனக்குப் படபடப்பு. அதனால்தான் புவனேஷைக் கொஞ்ச நேரம் அடுக்களையில் பிஸ்கட் கொடுத்து உட்காரவைக்கச் சொன்னேன். புது அறையில் முதல் எழுத்து அவன்தான் எழுதுவான் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. இன்னொரு நல்ல நாள் பார்த்து எழுதவைத்துவிடலாம். நாளா இல்லை?

அண்ணன் போன் செய்தால் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். பனியில் நிற்கிற மனுஷன், வீணாக மனசு சங்கடப்படும்.

உமாராணி

*

இலஞ்சி
26.10.2024

உமா,

வள்ளித்தாய் எதுவும் சொல்லவில்லை. அவள்மேல் பழி போடாதே.

நான் அங்கேதான் இருந்தேன். பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டுப் பூ வாங்கப் போனவள், முன்வாசலில் ஒரே செருப்பாகக் கிடந்ததால் கொல்லைப்பக்கமாக வந்தேன். துவைக்கிற கல்லுக்கு நேரே நம் வீட்டு ஜன்னல். ஏழு வருஷம் இருந்த வீடு, எங்கே நின்றால் உள்ளே பேசுவது கேட்கும் என்று எனக்குத் தெரியாதா?

புவனேஷ் அடுக்களையிலிருந்து எழுந்து வந்து தன் கட்டில் கிடந்த மூலையில் போய் நின்றான். கட்டிலைக் காணோமே என்று சுவரைத் தடவினான். பிறகு உன்னைப் பார்த்து “அத்தை” என்று கூப்பிட்டான். நீ திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். உன் பக்கத்தில் நின்ற பொம்பளை, “இது யாரு மிஸ்? இவனும் இங்கனதான் படிக்கானா?” என்று கேட்டாள்.

“இல்ல மேடம், பக்கத்து வீட்டுப் பிள்ள. சும்மா வெளாட வருவான்” என்று சொன்னாய்.

நீ நின்றுகொண்டிருந்தது அவன் வீட்டில், உமா.

என் மகனுக்குச் சொல்ல வருவது மொத்தமே ஐந்து வார்த்தை. அம்மா, தண்ணி, போலாம், பூனை, அத்தை. ‘அப்பா’கூட இன்னும் சரியாக வரவில்லை. உன்னைக் கூப்பிடும் வார்த்தை வந்துவிட்டது என்று உன் அண்ணனிடம் நான் பெருமையாகச் சொன்னேன்.

பின்வாசல் வழியாக அவனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் உன்னுடைய முதல் போன் வந்தது. அதுவரை நீ அவனைத் தேடவில்லை.

ஆய்க்குடியில் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்க்கிறேன். தீபாவளி முடிந்ததும் போகிறான்.

சுகந்தி

*

தென்காசி
29.10.2024

மைனிக்கு,

மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை நிறுத்தி, ‘மிஸ் முகத்தைப் பார்த்துச் சொல்லு’ என்பேன். எனக்கு உங்கள் பக்கம் திரும்பவே வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் ஜன்னலில் பார்த்தது முழுசும் இல்லை. பார்க்காததையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதற்குச் சற்று முன்பு ஹாலில் அவன் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். புதுப் பட்டுச் சேலையில் எச்சில் பட்டுவிட்டது. தினமும் என் சேலையில் படுகிற எச்சில்தான். ஆனால் அன்றைக்கு அவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக நான் முகத்தைச் சுளித்தேன். அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து வள்ளித்தாய் அக்காவிடம் தள்ளிவிட்டு, கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

உங்கள் பித்தளைத் தட்டில் பதினேழு பிள்ளைகள் ‘அ’ எழுதினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் நான்தான் பிடித்தேன். யாருக்காக வந்த தட்டு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் பெரிதாக வேண்டும், பெரிதாக வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கிடந்த எனக்கு, அவனைப் பார்த்ததும் ஆறு குடும்பமும் எழுந்து போய்விடும் என்ற பயம்தான் முன்னால் நின்றது.

அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். நேற்று அவன் போன் செய்தபோது ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன். “அவன் அழுதானாட்டி?” என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். வைத்துவிட்டான்.

அவன் அழுதானா மைனி?

உமா

*

இலஞ்சி
5.11.2024

உமா,

அழவில்லை. ஆட்டோவில் வரும்போது பூனை ஒன்றைப் பார்த்துச் சிரித்தான். அழுதது நான்தான்.

நேற்றுப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். வேன் வராது, கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் நானே அழைத்து வருகிறேன். முதல் நாளே அங்குள்ள டீச்சர் அவனைத் தரையில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து பந்து உருட்டினார்கள். எனக்குப் போதும் என்றிருந்தது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். போன தை மாதம் என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஆலங்குளம் போனபோது புவனேஷை உன்னிடம் விட்டுவிட்டுப் போனேன். ஏன் என்று கேட்டாய். ‘பஸ்ஸில் வாந்தி எடுப்பான்’ என்றேன். அவன் இதுவரை பஸ்ஸில் வாந்தி எடுத்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் நம் குடும்பத்தையே ஒரு மாதிரி பேசுவார்களோ என்று பயந்தேன். பெற்ற நானே ஒளித்துவைத்தேன். நிச்சயதார்த்தத்தில் ‘பையன் எங்கே’ என்று யாரோ கேட்டபோது, ‘அத்தையை விட்டு வரமாட்டேங்கான்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பஸ்ஸில் வாந்தி என்றது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ மேற்கொண்டு கேட்கவில்லை. நான் திரும்பி வந்தபோது அவனுக்குப் புதுச் சட்டை போட்டு, மையிட்டு மடியில் வைத்திருந்தாய். இவளிடம் மட்டும் என் பிள்ளையை ஒளிக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தத் தைரியத்தில்தான் வீட்டுச் சாவியையும் கொடுத்தேன்.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பழையபடி வந்துபோகவும் என்னால் முடியாது. கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

சுகந்தி

*

தென்காசி
24.11.2024

அன்புள்ள மைனிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இத்தனை நாள் பொறுத்தேன். இதை ஒன்றை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

போன வாரம் பெற்றோர் கூட்டம் வைத்தேன். எல்லாரும் இருக்கும்போது எழுந்து, விஜயதசமி அன்று இந்த அறையில் நின்ற பையன் என் அண்ணன் மகன், இது அவன் வீடு, நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும் என்றுதான் நின்றேன்.

யாரும் போகவில்லை. கூட்டம் முடிந்ததும் நிவேதா மேடம் என்னிடம் வந்தார்கள். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ். எங்க அக்கா பையனும் இப்படித்தான். எந்த ஸ்கூல்லயும் சேக்க மாட்டேங்காங்க. நீங்க சேத்துக்கிடுவீங்களோன்னு கேக்கத்தான் அப்படிக் கேட்டேன். நீங்க பக்கத்து வீட்டுப் பிள்ளன்னதும் சரி, இங்கனயும் கிடையாதுன்னு விட்டுட்டேன்” என்றார்கள்.

அவர்கள் போன பிறகும் நான் பிள்ளைகளின் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லவில்லை, மைனி. நானாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆய்க்குடிக்குப் போனேன். உங்களிடம் சொல்லாமல் போனது தப்பு. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். கேட்டில் இருந்தவர், “பையனுக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டார். அத்தை என்றேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “அம்மா பேரு இருக்கு, அப்பா பேரு இருக்கு, ஆச்சி பேரு இருக்கு. அத்தைன்னு யாரும் இல்லையே தாயி” என்றார்.

அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். நோட்டில் பேர் இல்லாதவர்கள் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்பது என் கேட்டிலும் உள்ள சட்டம்தான். ஐயப்ப சாமிகள் கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சரணம் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் அழுததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அந்த நோட்டில் என் பேரை எழுதுவீர்களா?

உமா

*

இலஞ்சி
2.12.2024

உமா,

சேர்த்த அன்றைக்கு உறவினர் பெயர் எழுத ஐந்து வரி விட்டிருந்தார்கள். மூன்று எழுதினேன். நாலாவது வரியில் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டேன்.

அங்கே பிள்ளைகளுக்குக் குடும்பத்துப் படங்களைக் காட்டிப் பேர் சொல்லப் பழக்குகிறார்கள். என் படம், உன் அண்ணன் படம், என் அம்மா படம் மூன்றையும் கொடுத்திருந்தேன். மூன்றையும் பார்த்து முடித்ததும் இவன் டீச்சரிடம் மறுபடியும் கை நீட்டுகிறானாம். இன்னொரு படம் இருக்க வேண்டுமே என்று அவர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறானாம். “வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?” என்று டீச்சர் கேட்டார்கள். இன்று காலையில் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவனுக்காகத்தான் கொடுத்தேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அதையும் தெரிந்துகொள்.

வெள்ளிக்கிழமைகளில் மூன்றரை மணிக்கு நீ போய் அழைத்து வா. அவன் முன்னால் அழாதே, பயந்துவிடுவான். என் வாசலில் விட்டுவிட்டுப் போ. உள்ளே வா என்று சொல்ல எனக்கு நாளாகும்.

டீச்சரிடம் கொடுக்க உன் படம் ஒன்று கொண்டு போ. நீ மட்டும் இருக்கிற படமாகப் பார்த்து எடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு எடுத்தது வேண்டாம்.

சுகந்தி