துரைசானி வீட்டு மேசையில் விரித்த ஐரோப்பா

நேற்று மகள் குடும்பத்தோடு கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வண்ணப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வழவழப்பான தாள், புது மையின் வாசனை. "எந்த ஊரெல்லாம் பாக்கோணும்னு சொல்லும்மா, இந்த வருசம் எல்லாரும் போறோம்" என்றாள். பக்கத்தைப் புரட்டியதும் அந்த வாசனையில் நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

குன்னூரில் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த பங்களாவில்தான் நீ வேலைக்கு வந்தாய். கணவரை இழந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரத் துரைசானிக்குச் சமையலும் துணையும் நீ. உன் அம்மா கீழே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். அரசாங்க ஒப்பந்தத்தில் சிலோன் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு நீங்கள் வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கடைத்தெருவில் எல்லோருக்கும் நீ 'சிலோன்காரப் பொண்ணு'. நான் அப்போது தேவாலயப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. முதலில் என்னை 'டீச்சர்' என்றாய். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் 'புள்ள' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய்.

துரைசானிக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. முழுக்க மறைவதற்குள் ஐரோப்பாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தனியாகப் போக முடியாது. அதனால் உன்னைக் கூட்டிப்போகத் தீர்மானித்தார். பெரிய வரைபடப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல என்னை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வரச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் ஐரோப்பாவை விரித்து வைத்துக்கொண்டு நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். வெளியே மூடுபனி சன்னலை மறைத்துக்கொண்டு நிற்கும்.

முதல் நாள் துரைசானி தோட்டத்துத் தமிழில் உன்னைத்தான் கேட்டார். "நீ சொல்லு. உனக்கு எங்கே போகணும்?"

நீ எழுந்து டீ போடப் போய்விட்டாய். பின்னாலேயே நான் வந்தபோது அடுப்பின் முன் சும்மா நின்றுகொண்டிருந்தாய்.

"என்னா புள்ள சொல்றது? தலைமன்னாருல கப்பல் ஏறச் சொன்னாங்க, ஏறினோம். மண்டபம் கேம்ப்ல வச்சு நீலகிரின்னாங்க, வந்தோம். எங்க போகணும்னு என்னைய யாரும் கேட்டதில்ல தானே."

அடுத்த ஞாயிறு யோசித்துக்கொண்டு வந்தாய். "மலை வேணாம்மா. பனியும் மலையும் இங்கனயே கிடக்கு. கடலும் வேணாம். கடலப் பார்த்தது போதும்." துரைசானி சிரித்துவிட்டார். மலையும் கடலும் போனால் ஐரோப்பாவில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். ஹாலந்து வந்தது. மேடே இல்லாத தேசம் என்று படித்துச் சொன்னேன். "மேடே இல்லியா? கூடை சுமந்து ஏற வேணாமா? அப்ப அங்க போவோம்" என்றாய்.

துரைசானி வியன்னாவைக் கேட்டார். கல்யாணமான புதிதில் கணவரோடு அங்கே இசைக் கச்சேரி கேட்டிருக்கிறாராம். கண் போனாலும் காது இருக்கிறதே என்றார். அவர் பிறந்த ஸ்காட்லாந்தைச் சேர்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, "அங்கே இப்போ கல்லறை மட்டும்தான்" என்று அந்தப் பக்கத்தைத் திருப்பச் சொல்லிவிட்டார். ரோமும் வேண்டாம், படி அதிகம். இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து வந்தபோதுதான் நீ என் பக்கம் திரும்பினாய். "இவளையும் கேளுங்கம்மா. வாராவாரம் வாசிக்கிறா தானே."

நான் போகப்போவதில்லையே என்றேன். "அதுக்கென்னா, சொல்லேன்" என்றாய். கூச்சத்தோடு பாரிஸ் என்றேன். ஹாலந்துக்கும் வியன்னாவுக்கும் நடுவே இரண்டு நாள் எனக்காக ஒதுக்கப்பட்டது.

உன் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று உன் அம்மா பங்களா வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒரு தரம் தாண்டி வந்ததுக்கே இன்னும் அந்நியமாத்தான் பாக்குறாங்க. இனிமே வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்களா?" அவள் அழுதது பயணத்துக்காக இல்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். துரைசானி ஏதோ சொல்லப் போனார். நீ தடுத்துவிட்டு அம்மாவின் அருகே உட்கார்ந்தாய். "அப்ப அனுப்பினாங்க, வந்தோம். இது நானா போறதும்மா. நானாவே திரும்பி வருவேன்." குரல் தைரியமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நீ சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் பார்த்தேன்.

போய்விட்டு வந்தாய். வந்த மறுநாள் என் வீட்டுக்கு ஓடிவந்து, "உன் ஊரப் பார்த்துட்டேன் புள்ள" என்றாய். பாரிஸில் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றதைச் சொன்னாய். ஹாலந்தில் தட்டையான வயலைப் பார்த்து முதலில் தலை சுற்றியதாம், கண்ணை நிறுத்த ஒன்றுமே இல்லையாம். வியன்னாவில் துரைசானி கண்ணை மூடிக் கச்சேரி கேட்க, நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினாய்.

"பம்பாயில எறங்கினப்ப அம்மா சொன்னதே நெனப்பு. அந்த ஆபீசர் பாஸ்போர்ட்டப் பார்த்தாரு, முத்திரை போட்டாரு, போங்கன்னு கைய காட்டினாரு. ஒண்ணுமே கேக்கல புள்ள. எல்லாத்தையும் விட அதுதான் நல்லா இருந்துச்சு."

அதன் பிறகு யார் கேட்டாலும் உன் ஊர் குன்னூர்தான். துரைசானி போனார், உன் அம்மா போனாள். நீ கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து, இந்தச் சரிவிலேயே நிம்மதியாக வாழ்ந்தாய். போன மழைக்காலத்தில் நீயும் போய்விட்டாய். நிறைவான வாழ்க்கை என்று தெரிந்தும், இன்னும் சில ஞாயிறுகள் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மகளின் திட்டத்தில் ஏழு நகரங்கள் இருந்தன. மாப்பிள்ளை, பேத்தி, நான், கூடவே மாப்பிள்ளையின் அம்மாவும் வருகிறார். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். எல்லோரும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஓரமாக உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, உங்களுக்கு எங்க போகோணும்?" என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க தெரியும், நீங்க போற பக்கம் வர்றேன்" என்றார். நான் விடவில்லை, காத்திருந்தேன். இன்னும் இரண்டு காய் உரித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "சுவிட்சர்லாந்துல மாட்டுக்குப் பெரிய பெரிய மணி கட்டுவாங்களாமாங்க. அந்தச் சத்தத்தை ஒருக்கா கேக்கோணும்."

பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை தன் அம்மாவை அன்றுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

மகளிடம் சொன்னேன், "நகரத்துல மூணைக் குறைச்சுக்கோ. மாடு மேயற ஊர்ல நாலு நாள் தங்கலாம்."