நாலு மணி நேரத் தூரம்

அப்பா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். உங்களோடு வேலை செய்யும் மாமாவிடமும் வேண்டாம். இனி நீங்கள் யாருக்கும் எதையும் காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன்.

துபாயிலிருந்து நீங்கள் கொண்டுவந்த புலிப் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டியைத் திறந்த அன்று வந்த சோப்பு வாசனை இதில் இன்னும் இருக்கிறது. இப்போதுதான் ஒரு விமானம் நம் வீட்டுக்கு மேலே போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா அடுத்த அறையில் தூங்குகிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

லீவு முடிந்து நீங்கள் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அம்மாவும் நானும் ஏர்போர்ட்டில் வழியனுப்பிவிட்டு வந்து மொட்டைமாடியில் நின்று டார்ச் அடிப்போம். எது உங்கள் விமானம் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் அடிப்போம். போய் இறங்கியதும் போனில் சிரிப்பீர்கள். "இன்னாடி பாப்பா, சிங்கப்பூர் போறவனுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கினு இருந்தியாமே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம வூட்டு லைட்டு தெரிஞ்சுதுடி" என்பீர்கள்.

ஒரு முறை ஏர்போர்ட்டில் உங்கள் சட்டையை விடாமல் அழுதேன். "தாம்பரத்துல ரயில் ஏறுனா மதுரைக்கே ராத்திரி பூரா ஆவுது. துபாய் வெறும் நாலு மணி நேரம். கூப்ட்டா வந்து நிப்பேன்" என்றீர்கள். பள்ளியில் மிஸ் துபாய் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது, "நாலு மணி நேரம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர் என்று மிஸ் திருத்தினார். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கணக்கில் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

இந்தச் சாயங்காலம் அம்மா போனை வீட்டிலேயே வைத்துவிட்டு சர்ச்சில் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்தாள். மாமா கூப்பிட்டார்.

"பாப்பா, பக்கத்துல பெரியவங்க யார்னா கீறாங்களா?"

"நான் மட்டும்தான் மாமா."

அவர் அழுதுவிட்டார். வேலையில் உங்களுக்கு நெஞ்சுவலி என்றார். ஆஸ்பத்திரி போவதற்குள் என்றார்.

"எப்போ கூட்டிட்டு வருவீங்க? நாலு மணி நேரம்தானே?"

"பேப்பருங்கெல்லாம் முடியணும்மா. பத்து நாள்கூட ஆவும். அம்மா வந்ததும் பேசச் சொல்லு. இல்லாங்காட்டி பல்லாவரத்துலேர்ந்து எங்க வூட்டு அத்தைய அனுப்புறேன்."

நான் போனை அணைத்துவிட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "சொல்ல மறந்தேனே, உங்கப்பா கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டிருக்காராம்டி, காலைல சொன்னாரு!" போன் ரிப்பேர் என்றேன். அவள் எனக்குத் தோசை சுட்டாள். நான் சாப்பிட்டேன், அப்பா.

இங்கே தேதி மாறிவிட்டது. உங்கள் ஊரில் ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இன்னும், நீங்கள் காலையில் எனக்குக் குட்மார்னிங் அனுப்பிய அதே நாள்தான்.

டார்ச் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் வரும்போதும் அடிப்பேன். எது என்று தெரியாது, எல்லா விமானத்துக்கும் அடிப்பேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "அக்கா, அக்கா" என்று அத்தையின் குரல். "இந்நேரத்துல யாருடி?" அம்மா எழுந்துவிட்டாள். அத்தை சொல்வதற்கு முன்னால் நான்தான் அம்மாவிடம்